தோட்டத்துப் பாதையும் ஞாயிற்றுச் சவாரியும்

மலைநாட்டிலே ஒரு பாதையை உற்றுப் பார்த்தால் அதற்குள் இரண்டு பாதைகள் இருப்பதைக் காணலாம். ஒன்று பிழைப்புக்காக நடப்பவருடைய பாதை. மற்றொன்று பொழுதுபோக்குக்காகப் போகிறவருடைய பாதை. மண் ஒன்றுதான், வளைவும் ஒன்றுதான், கல் இடறினால் வலியும் ஒன்றுதான். ஆயினும் கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு விரையும் பெண்ணுக்கு ஏற்றம் என்பது பெருமூச்சு. மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞனுக்கோ அதே ஏற்றம் உற்சாகம். இவ்விருவரும் ஒரு குறுகிய வளைவில் எதிரெதிரே சந்திக்கும்போது யார் நிற்பது, யார் போவது? மஸ்கெலியாவில் உள்ள நமது சிறு சவாரிக் கழகத்தின் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. அதனை இந்த ஞாயிறு நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சவாரிக் கழகம் என்றதும் குதிரைகளை நினைத்துவிட வேண்டாம். இது பெற்றோல் குடிக்கும் குதிரைகளின் கழகம்.

மேனாடுகளில் இவ்வகைப் பொழுதுபோக்கு மிகப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. அங்கே கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே பருத்த ரப்பர்ச் சக்கரங்கள் பூட்டிய ஒருவகை வண்டியுண்டு. 1970ஆம் ஆண்டு ஜப்பானின் ஹொண்டா நிறுவனத்தார் மூன்று சக்கரங்களோடு அதனை அமெரிக்கச் சந்தைக்கு விட்டனர். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை மந்தமாகிவிடுகிறதே, அப்பொழுது விற்பதற்கு வேறொரு வண்டி வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டதன் பலன் அது. மூன்று சக்கர வண்டி வளைவுகளிலே குடைசாய்ந்து பலரைக் காயப்படுத்தியது. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனத்தார் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தனர். 1988இல் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையோடு மூன்று சக்கர வண்டியின் விற்பனை அங்கு முடிவுக்கு வந்தது. விவசாயி வேலிக்கம்பமும் வைக்கோலும் ஏற்றிச் செல்லப் பயன்படுத்திய வண்டியை ஞாயிற்றுக்கிழமையில் அவருடைய பிள்ளைகள் காட்டுக்குள் ஓட்டிப் பார்த்தனர். அவ்வாறே ஊர்தோறும் கழகங்கள் தோன்றின.

நம் நாட்டில் அந்த நான்கு சக்கர வண்டியைச் சில சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடுகிறார்கள். மஸ்கெலியா இளைஞர்களுக்கு அது எட்டாக் கனி. ஆனால், கரடுமுரடான பாதையும் அதில் ஏறிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இங்கே தாராளமாக உண்டு. ஆகவே, கையிலிருக்கும் மோட்டார் சைக்கிளே நமக்குப் போதுமென்று தொடங்கினோம்.

தோட்டத்துப் பாதையில் உல்லாசச் சவாரி புதிதன்று. கோப்பிக் காலத்திலும், பின் வந்த தேயிலைக் காலத்திலும் வெள்ளைத் துரைமார் குதிரையில் ஏறியே மலை பார்க்கப் போயினர். அதே குதிரையில் மாலை வேளையில் கழகத்துக்கும் போயினர். நம் பகுதியின் பெயரைத் தாங்கிய டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் தரவளையில் அமைந்தது; அதன் தொடக்கம் 1868ஆம் ஆண்டு. அதாவது, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதல் வியாபார முறையில் தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டே இங்கே துரைமாருக்குக் கழகம் பிறந்துவிட்டது. அக்காலத்துக் கழகங்களுக்குள் நம்மவர் நுழையாமலில்லை. குதிரைக்காரராகவும் சமையற்காரராகவும் பந்து பொறுக்கும் பையன்களாகவும் நுழைந்தார்கள். நாற்காலியில் அமர்வதற்கு மாத்திரம் இடமிருக்கவில்லை.

குதிரை போய் மோட்டார் வந்தது. 1934ஆம் ஆண்டு நுவரெலியாவுக்கு அருகே மாகாஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையிலே மலையேற்ற ஓட்டப் போட்டி தொடங்கியது. ஒவ்வொரு வண்டியாகப் புறப்பட்டு, வளைந்து வளைந்து மேலேறி, எடுத்த நேரத்தைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிக்கும் போட்டி அது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்து நுவரெலியா வசந்தத்தோடு அப்போட்டியின் பெயரும் சேர்ந்தே ஒலித்து வந்திருக்கிறது. ரதல்லவிலும் அவ்வாறான போட்டி நடந்துள்ளது. தியத்தலாவைப் பொக்ஸ் ஹில் ஓட்டத்தைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம். இவ்வோட்டங்களைப் பார்ப்பதற்கு நம் மக்கள் தேயிலைச் செடிகளுக்கு இடையே திரளாக நின்றார்கள். நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கைப்பிடியைத் தாமே பிடிக்கவேண்டும் என்ற ஆசை எழுந்தது இயல்பேயாகும்.

இனி, அந்தப் பாதைகள் யாருடையவை என்று சற்று யோசித்துப் பார்ப்போம். காட்டை அழித்து, பாறையை உடைத்து, சரிவுக்குச் சரிவு அளவாக வெட்டி, மாட்டு வண்டியும் ஏறத்தக்கதாக அவற்றை அமைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோர். மேற்பார்வை துரையினுடையது, மண்வெட்டி நம்முடையது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமைப் பத்திரங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. பாதையில் நடப்பவர் மாறவில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைசியில் மயானத்துக்கும் அதே வழிதான்.

இன்று அப்பாதைகளின் பெருமையை உலகமும் அறிந்துகொண்டது. 'பெக்கோ டிரெயில்' என்ற பெயரில், பழைய தேயிலைப் பாதைகளைத் தொடுத்து, கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நெடும்பாதையொன்று 2023இல் திறந்துவைக்கப்பட்டது. அது கொட்டகலையிலிருந்து நமக்கு அயலான நோர்வூட்டுக்கு இறங்கிப் பொகவந்தலாவைக்குச் செல்கிறது. முதுகுப் பையோடு வெளிநாட்டவர் அதில் நடக்கின்றனர், மிதிவண்டியிலும் போகின்றனர். நம் பாட்டிமார் செருப்பில்லாமல் நடந்த பாதையில் நடப்பதற்கென்று கடல் கடந்து வருகிறார்களே என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? தன் வீட்டு முற்றத்தின் அழகை விருந்தாளி வந்து சொல்லிய பிறகே நாம் கவனிப்பதுண்டு அன்றோ!

நமது கழகத்துக்குக் கட்டடமும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. மஸ்கெலியா நகரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையொன்றின் முன்னே கிடக்கும் வாங்குதான் காரியாலயம். அக்கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே கூட்டக் குறிப்புப் புத்தகம். அங்கத்தவர்களில் முச்சக்கர வண்டிச் சாரதிகள் உண்டு; ஆசிரியர் உண்டு; தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரும் உண்டு. கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்து, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்பும் வாலிபர்களே பெரும்பாலோர். உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் வருகின்றனர்; சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை அவர்களுக்குப் பின்னிருக்கைதான். வயது காரணமாக நமக்கும் பின்னிருக்கையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கழகத்தின் கணக்குப் புத்தகம் மாத்திரம் நம் மடியில் இருக்கிறது.

வண்டிகளோ பெரும்பாலும் லீசிங்கில் எடுத்த இந்திய வண்டிகள். மலைப்பாதைக்கென்றே அமைந்த ஜெபல், பாஜா என்னும் ஜப்பானிய வண்டிகள் இரண்டு மாத்திரம் உண்டு. உயர்ந்த இருக்கையும் நீண்ட முன்கால்களுமாக அவை வந்தால் லயத்துச் சிறுவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த ஐந்தாண்டுகளில் ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி உயிர்கொடுத்த திறமையை எண்ணினால், நம் திருத்துநருக்கு மருத்துவப் பட்டமே கொடுத்துவிடலாம்.

சவாரி நாளன்று விடியுமுன் புறப்படுவோம். முன்னே செல்பவரின் பின்விளக்கு மூடுபனியில் ஒரு குங்குமப் பொட்டுப் போலத் தெரியும். மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையை அடையும்போது கிழக்கு வெளுக்கும். 1969இல் அந்நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதன் அடியில் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அவ்விடத்தில் எவரும் சொல்லாமலே எல்லோரும் வண்டியை நிறுத்திவிடுவர். முதியவர் ஒருவர் அங்கிருந்தால், கடைத்தெரு எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டுவார். அதன் பின் சாமிமலைப் பக்கம் ஏறினால், ஒரு திருப்பத்தில் சிவனொளிபாதமலை முழுவதுமாகக் கண்ணில் படும். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலை, ஒவ்வொரு வளைவிலும் இடம் மாறி நின்று நம்மோடு ஒளிந்து விளையாடும்.

இத்தகைய பாதையில் வேகத்துக்கு வேலையில்லை. இறக்கத்தில் முன் பிரேக்கை இறுக்கியவன் கல்லில் வழுக்கி விழுவான். கீழ்க் கியரில் இறக்கி எஞ்சினைக்கொண்டே வண்டியை அடக்குகிறவன் நிமிர்ந்து வருவான். ஏற்றத்தில் பதறி முறுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பொறுமையாக முறுக்கினால் மண்ணைப் பற்றிக்கொண்டு ஏறும். சவாரி முடிவில் தேநீர்க்கடையிலே சூடான ரொட்டியும் சம்பலும். காலில் ஏறியிருக்கும் அட்டைகளை எண்ணி, யாருக்கு அதிகம் என்று தீர்மானிப்பதும் அங்கேதான். வாரம் முழுவதும் பிறர் கட்டளைக்கு ஓடிய கால்கள் அன்று ஒருநாள் தம் விருப்பத்துக்கு ஓடுகின்றன. அந்த இன்பத்தைக் குறைத்து மதிப்பிடுவோர், வாரத்தில் ஆறு நாள் வேலை செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வாறு மகிழ்ச்சியாகச் சென்றுகொண்டிருந்த காலத்திலேதான் தொல்லை வந்தது. வெளியூர்களிலிருந்து வந்த சவாரிக்காரர் சிலர், மழைக்காலத்தில், சத்தத்தைக் கூட்டுவதற்காகச் சைலன்சரைக் கழற்றிய வண்டிகளோடு ஒரு தோட்டத்தின் மண்பாதைகளை உழுதுவிட்டுப் போயினர். மறுவாரம் அத்தோட்டத்து வாயிலில் குறுக்கே சங்கிலி விழுந்தது. வந்தவர் போய்விட்டனர், பழி உள்ளூரில் வண்டி வைத்திருந்த எல்லோர் மேலும் பரவியது. சங்கிலியை அகற்றும்படி கேட்கப் போன நம் இளைஞர்களை, மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள் நிறுத்தினார். தலைச்சுமையை இறக்காமலே அவர் சொன்னது இதுதான்:

"தம்பி, இந்த ரோட்டுத்தான் எங்களுக்குச் சோறு போடுது. ஒங்களுக்கு அது வெளையாட்டா இருக்கு. வெளையாடுங்க, வேணாங்கல. நாங்க காலு வைக்கிற எடத்த மிச்சம் வச்சிட்டு வெளையாடுங்க."

அதற்கு மறுமொழி சொல்ல எவராலும் முடியவில்லை. சொல்லுவதற்கு எதுவும் இருக்கவுமில்லை.

ஏனெனில், அவர் சொன்னது கணக்குப்போல் சரியானது. மழையில் ஊறிய மண்பாதையில் சக்கரம் சுழன்றால் ஒரு பள்ளக்கோடு விழும். அடுத்த மழை நீர் பாதையோரக் கானை விட்டு அந்தக் கோட்டிலே இறங்கும். நீர் இறங்க இறங்கக் கோடு ஓடையாகும். ஓடை பாதையின் வெளிவிளிம்பை அரித்துக் கீழ்மலைத் தேயிலையில் கொட்டும். ஒரு மணி நேர விளையாட்டு ஒரு மழைக்காலத்தில் பாதையையே விழுங்கிவிடும். அதன்பின் கொழுந்துச் சாக்கோடு வழுக்கி விழுவது சவாரிக்காரன் அல்லவே!

அன்று மாலை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. இளைஞர்கள் ஒரு பக்கம். கொழுந்தெடுக்கும் பெண்களும் லயத்துப் பெரியவர்களும் மறுபக்கம். "ஓட்டவே கூடாது" என்றார் ஒரு பெரியவர். "எங்கள் தாத்தா வெட்டிய பாதை, ஏன் கூடாது?" என்று கேட்டான் ஒரு வாலிபன். "ஒங்க தாத்தா வெட்டினாரு, நீ வெட்டினியா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் வழி பிறந்தது. பாதையில் விளையாடும் உரிமை வேண்டுமானால், பாதையில் வேலையும் செய்யவேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று ஏற்பட்ட விதிகள் சிலவே. வைகாசியிலிருந்து புரட்டாசி வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண்பாதைகளில் சக்கரம் வைப்பதில்லை. கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையிலும் மலையில் வேலையுண்டாதலால், சுமையோடு வருவோரைக் கண்டால் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, மலைப்பக்க ஓரத்தை அவர்களுக்கு விட்டுவிடவேண்டும். கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா ஆகியவற்றின் அருகே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். சைலன்சர் இல்லாத வண்டிக்குக் கழகத்தில் இடமில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்குமிடமே நமது எல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்தில் ஒரு ஞாயிறு கான் துப்புரவாக்கும் நாள்; அன்று வண்டி வீட்டில் இருக்கும், மண்வெட்டி தோளில் இருக்கும். இவ்விதிகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தோட்ட நிருவாகத்திடம் கொடுத்தோம். சில மாதங்களின் பின் சங்கிலிக்குப் பூட்டும், பூட்டுக்கு இரண்டாவது சாவியும் ஏற்பட்டன. அந்தச் சாவி கணக்குப் புத்தகத்தோடு நம்மிடமே இருக்கிறது.

காட்டின் எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனம், இலங்கையின் மத்திய மலைநாட்டு வனங்களோடு சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்று கம்பிக் கண்ணியில் அகப்பட்டு, சில நாட்களில் இறந்துபோயிற்று. மனிதன் வைத்த ஒரு முழக் கம்பி செய்த வேலை அது. ஆகையால் நாம் காட்டுக்குள் போவதில்லை. எல்லையில் கண்ணி எதையேனும் கண்டால் அறிவிக்கவேண்டியவர்களுக்கு அறிவிக்கிறோம்.

நம் கழகத்தின் இந்த ஏற்பாட்டை ஏதோ நூதனம் என்று நினைத்திருந்தோம். பின்னர் படித்தறிந்தபோது, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் இவ்வாறே என்று தெரியவந்தது. அங்கே காடுகளில் மிகப் பெரும்பகுதி தனியார் நிலம். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நான்கு சக்கர வண்டிக்கு வழியில்லை. ஆகவே கழகத்தார் அனுமதி கேட்கின்றனர், பாலம் கட்டுகின்றனர், வழி திருத்துகின்றனர், பனி உருகிச் சேறாகும் வசந்தகாலத்தில் வழியை மூடிவைக்கின்றனர். அங்கே பனிச்சேறு, இங்கே பருவமழை. உலகின் இரு கோடிகளில் இருந்தும் மண் ஒரே பாடத்தையே கற்பிக்கிறது.

கழகம் எதற்காக என்பதை அதன்பின் வந்த கஷ்டகாலங்களே நமக்குத் தெளிவாகக் காட்டின. 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் வரிசையிலே பகலும் இரவும் கழிந்தன. ஜூலையில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த மாதங்களில் உல்லாசச் சவாரி என்ற பேச்சே எழவில்லை. வாங்கில் கூடிய இளைஞர்கள் வேறொரு தீர்மானம் செய்தனர். முறைவைத்து, ஒவ்வொரு கிழமையும் இரண்டு வண்டிகள் தங்கள் பங்கைச் செலவழிக்காமல் வைத்திருக்கவேண்டும். அவசரத்துக்கு எந்த லயத்திலிருந்து அழைப்பு வந்தாலும் அவ்வண்டிகள் போகவேண்டும். இருளில், மழையில், நோயாளியை நடுவில் அமர்த்திப் பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ள, மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்த இரவுகள் உண்டு. மலைப்பாதையில் வண்டியை ஆட்டமில்லாமல் இறக்கும் வித்தையை விளையாட்டிலே கற்றிருந்தார்கள். அது வேறொருவர் மூச்சைக் காக்க உதவியது.

அதன்பின் 2025 நவம்பர் கடைசி வாரம். டித்வாப் புயல் நாட்டைத் தாக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டின் மாவட்டங்களிலே மண்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் விழுங்கின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, லொறி வரும் வழியில்லை. அந்நாட்களில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த மதகு நிற்கிறது, எந்தக் குறுக்கு வழியாய் எந்த லயத்தை அடையலாம் என்பவற்றை எவரிடமும் கேட்காமல் அறிந்திருந்தவர்கள் நம் கழகத்தினரே. மாதந்தோறும் கான் வெட்டியவர்களுக்குப் பாதை உள்ளங்கை ரேகை போலத் தெரிந்திருந்தது. சரிவைக் கண்டால் திரும்பிவிடவேண்டும், இரவில் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, அரிசியும் பால்மாவும் மருந்தும் சாக்குகளிலே கட்டி ஏற்றிச் சென்றனர். மேட்டு லயமொன்றில் வண்டிச் சத்தம் கேட்டதும் சனங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள் என்று திரும்பி வந்தவர் சொன்னார். ஒரு காலத்தில் அதே சத்தத்துக்காகவே வாயிலில் சங்கிலி விழுந்தது என்பதை நினைத்துக்கொண்டோம்.

சவாரியில் ஆபத்து இல்லையென்று சொல்ல நாம் வரவில்லை. தியத்தலாவைப் பொக்ஸ் ஹில் ஓட்டத்தில், 2024 ஏப்ரல் 21ஆம் நாள், ஓடுபாதையை விட்டு விலகிய மோட்டார் வாகனமொன்று பார்வையாளர் மீது பாய்ந்தது. 7 பேர் இறந்தனர். 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். விடுமுறை மகிழ்ச்சிக்காகக் குடும்பமாகச் சென்றவர்கள் அவர்கள். அச்செய்தி வந்த கிழமை நமது வாங்கில் எவரும் உரக்கப் பேசவில்லை. அன்றுதொட்டு ஒரு விதி கூடிற்று: வளைவின் வெளிப்புறத்தில் நின்று எவரும் வேடிக்கை பார்க்கக்கூடாது, பார்ப்பவர் நின்றால் ஓட்டுபவர் நிற்கவேண்டும். தலைக்கவசம் இல்லாதவனுக்குப் பின்னிருக்கையும் கிடையாது. இதனால் சிலர் நம்மைக் கிழவர் கழகம் என்கிறார்கள். கிழவராகும் வரை உயிரோடிருப்பது நல்ல விஷயந்தானே!

பெற்றோருக்கு மற்றுமொரு சந்தேகம் எழக்கூடும்: பெண்பிள்ளைகள்? நம் கழகத்தில் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காக ஸ்கூட்டி ஓட்டக் கற்றவர், இப்பொழுது மலைப்பாதையில் பையன்களுக்கு இறக்கம் இறங்கக் காட்டிக்கொடுக்கிறார். அவருடைய தாயார் கொழுந்துக் கூடையோடு அதே ஏற்றத்தில் முப்பது ஆண்டு நடந்தவர். முதன்முறை மகளின் பின்னே அமர்ந்து மேட்டுக்கு வந்து இறங்கியபோது, "இம்புட்டுக் கிட்டத்துலயா இருந்துச்சு?" என்று கேட்டாராம். அவர் வாழ்நாளெல்லாம் நடந்து அளந்த தூரம் அது. அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கழகம் நூறாண்டு வாழவேண்டும் என்று நமக்குத் தோன்றியது.

நகரத்துக் கழகங்களை எண்ணிப் பார்க்கிறோம். வாயிற்காவலன் உண்டு, அங்கத்தவர் பட்டியல் உண்டு, யாரை உள்ளே விடக்கூடாது என்பதற்கு நூறு விதிகள் உண்டு. நமது விதிகளோ, நம்மிடமிருந்து பிறரைக் காப்பதற்காக எழுந்தவை. கழகத்தின் பெருமையை அதன் கோப்பைகளைக் கொண்டு அளக்கும் வழக்கம் உண்டு. நம்மிடம் கோப்பை ஒன்றும் இல்லை. கழகத்தில் சேராதவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைக் கொண்டே நாம் அளந்துகொள்கிறோம். அன்று சுமையோடு நின்று பேசிய அம்மாள் இப்பொழுது நம் வண்டிகளைக் கண்டால் கையைக் காட்டுகிறார். சில நாட்களில் சாக்கை ஏற்றி அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடந்து வருகிறார்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். வண்டி மீது ஆசை வருவது இளமையின் இயல்பு. அதை அடக்கிக்கொள்ளும்படி நாம் சொல்லமாட்டோம். எந்தப் பாதையில் ஓட்ட விரும்புகிறீர்களோ, அந்தப் பாதையில் முதலில் ஒருநாள் நடந்து பாருங்கள். யார் யார் எதிரே வருகிறார்கள், என்ன சுமந்து வருகிறார்கள், எங்கே களைத்து நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு சாவியைத் திருப்பலாம். நம் கழகத்தில் சேர விரும்பும் அன்பர்கள் வண்டியோடு வரவேண்டியதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த வாங்கருகே மண்வெட்டியோடு வந்தாற் போதும். தேநீர் கழகச் செலவு. கணக்கு நம் கையில்.